பனி விழுந்தால் கிறுக்குப் பிடிக்கும் பெட்டி

வெர்ன் கங்காஸின் சட்டைப் பைக்குள் வாத்து கத்தியது. குவின்சி மேட்டின் பாதியில் இருந்தார். முன்னால் பனி திரைச்சீலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது, அவர் ஓட்டும் பனி தள்ளும் லாரியின் இரும்பு அலகு அதை வாரி ஓரத்தில் எறிந்துகொண்டிருந்தது, பின்னால் ஒரு கார்க்காரன் வழி கேட்டு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். இந்த நேரத்தில் வாத்து.

“கத்து, நல்லாக் கத்து” என்றார் வெர்ன். கைபேசியை எடுக்கவில்லை. எடுத்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. வீட்டுக் கூடத்தில் இருக்கும் பவளத் தொட்டியின் கன்ட்ரோலர் பெட்டி, தண்ணீரின் பி.எச். அளவு இறங்கிவிட்டது என்று எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கைக்கு வாத்துச் சத்தத்தை வைத்தவரும் அவர்தான். வைத்த காலத்தில் அது வேடிக்கையாக இருந்தது, ஏனென்றால் அப்போது வருடத்துக்கு ஒரு முறைதான் கத்தும்.

இந்தக் குளிர்காலத்தில் பனி விழும் நாளெல்லாம் கத்தியது. அதுதான் அவருக்கு விளங்கவில்லை. வெயில் அடித்தால் பெட்டி சாதுவாக இருக்கிறது. பனி கொட்டிப் பள்ளிக்கூடம் மூடி, அவர் விடியுமுன் லாரியில் ஏறிவிட்டால் போதும், அதற்குக் கிறுக்குப் பிடித்துவிடுகிறது. ஹான்காக்கில் பனி விழாத நாள் என்று எதைச் சொல்வது? எங்கள் ஊரில் பனியை யாரும் அங்குலத்தில் அளப்பதில்லை. வீட்டு முன்னால் உள்ள தபால் பெட்டி தெரிகிறதா இல்லையா என்பதுதான் கணக்கு.

உப்புத் தண்ணீர்க் கடல் எங்களுக்கு இரண்டு நாள் பயணத் தூரம். வெர்ன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில், கடலைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கும் மழை. அப்படிப்பட்ட மனிதர் கூடத்தில் சோபா வைக்க வேண்டிய இடத்தில் கடலில் ஒரு துண்டை வைத்து வளர்ப்பது ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்குவார். ஆறு மாதம் வெள்ளையைத் தவிர வேறு நிறத்தையே பார்க்காமல் வண்டி ஓட்டுகிறவருக்கு, வீட்டுக்கு வந்ததும் பச்சையும் ஊதாவும் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதிலும் அந்தச் சுத்தியல் பவளம். மதுக்கடை நடத்தும் கோரின் பெல்டோ தன் தொட்டியிலிருந்து கட்டைவிரல் அளவு வெட்டிக் கொடுத்தது, இப்போது ஒரு முட்டைக்கோஸ் அளவுக்கு விரிந்து, பச்சை விரல்களை நாள் முழுக்க ஆட்டிக்கொண்டிருக்கிறது. மனிதர்களைப் பற்றி நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவர், அந்தப் பவளத்தைப் பற்றி ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும்.

கன்ட்ரோலர் பெட்டி வாங்கியதே லாரி வேலைக்காகத்தான். வீட்டில் இல்லாத மனிதனுக்குப் பதிலாக வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும், விளக்கைப் போடும், பம்பை நிறுத்தும், ஏதாவது கோளாறு என்றால் கூப்பிடும். அது சரியாக வேலை செய்த வரையில் அவர் நிம்மதியாக வண்டி ஓட்டினார்.

முதல் சந்தேகம் சென்சார் மேல் விழுந்தது. பி.எச். சென்சார் நாள்பட்டால் பொய் சொல்லும், பவளத் தொட்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அளவு தெரிந்த இரண்டு திரவங்களில் அதை முக்கி, “இது ஏழு, இது பத்து” என்று மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். வெர்னுக்கு வீட்டில் இருக்க நேரமில்லை. மேட்டு உச்சியில் வண்டியை ஓரம் கட்டிக்கொண்டு, மனைவி டார்லாவைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிற டார்லா, பனி நாளில் வீட்டில்தான் இருப்பாள்.

“சின்னப் பொட்டலம் ரெண்டு இருக்கும் பாரு. சிவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு. சிவப்பை முதல்ல பிரி.”

“பிரிச்சாச்சு. இது என்ன, குடிக்கிறதா?”

“குடிச்சா உனக்கும் ஏழுன்னு காட்டும். சென்சாரை எடுத்து அதுல முக்கு.”

“எது சென்சார்? இங்க கறுப்பு ஒயர் எட்டு இருக்கு, வெர்ன். உன் தொட்டிக்குக் கீழ பாம்பு குடும்பமே நடத்துது.”

“மேல நீலக் கழுத்து இருக்கும்.”

“இருக்கு. எல்லாத்துலயும் உப்பு பூத்துக் கெடக்கு. கையெல்லாம் பிசுபிசுங்குது. நான் கறி அடைக்கற பேஸ்டிக்கு மாவு பிசையணும் தெரியுமா?”

பாவம், சொன்னபடி எல்லாம் செய்தாள். ஏழில் ஏழு காட்டியது, பத்தில் பத்து காட்டியது. தொட்டிக்குள் போட்டதும் ஏழு புள்ளி எட்டு. எட்டேகால் இருக்க வேண்டிய இடத்தில் அது எவ்வளவு மோசம் என்பது தொட்டி வைத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். பவளத்துக்கு எலும்பு கட்ட முடியாமல் போகும்.

புது சென்சார் வரவழைத்தார். அதே எண். சென்சார் ஒயர் விளக்கு ஒயரோடு உரசிக்கொண்டு போவதால் மின்சாரம் கலக்கிறதோ என்று ஒயரைச் சுவர் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் மாட்டினார். அதே எண். பம்பு, ஹீட்டர், விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார். பனிப் புயலில் மின்சாரம் ஏறி இறங்குவதுதான் காரணம் என்று ஒரு முடிவுக்கு வந்து, அதைச் சமன் செய்கிற பெட்டி ஒன்றையும் வாங்கி வைத்தார். பனி நாளில் வருகிற நோய்க்குப் பனியைத்தானே குற்றம் சொல்லத் தோன்றும்? வருடக்கணக்காகப் பனியோடு மல்லுக்கட்டியவர், தன் வாழ்க்கையில் நடந்த எல்லாக் கெடுதலிலும் அதற்குக் கொஞ்சம் பங்கு இருப்பதாகத்தான் நம்பினார்.

கடைசியில் பொறுமை போய், பெட்டிக்குள் தானே ஒரு விதி எழுதி வைத்தார். பி.எச். இறங்கினால் சுண்ணாம்புத் தண்ணீர்ப் பம்பு ஓட வேண்டும், ஏறும் வரை ஓட வேண்டும். சுண்ணாம்பு பி.எச்.ஐ ஏற்றும், அது உண்மைதான். ஆனால் நோய் என்னவென்று தெரியாமல் மருந்து கொடுப்பதை நாங்கள் மனிதர்களுக்குச் செய்வதில்லை, தொட்டிக்குத்தான் செய்கிறோம். பவளத் தொட்டி வைத்திருக்கிற ஆள் ஒவ்வொருவனும் ஒரு தடவையாவது தண்ணீரை விட்டுவிட்டு எண்ணுக்கு வைத்தியம் பார்த்திருப்பான்.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். செப்டம்பரில் மகள் ஜனெல் திரும்பி வந்திருந்தாள். புருஷன் கிரீன் பே நகரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். ஜனெல், இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஐலாவையும், மூஸ் என்ற பெயருக்குக் குறைவில்லாத பெரிய நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். மேல் அறையில் தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு காப்பீட்டுக் கம்பெனிக்காக நாள் முழுக்கப் போனில் பேசுவாள். மற்ற நேரத்தில் மன்னிப்புக் கேட்பாள். குளியலறையில் நேரமாகிவிட்டால் மன்னிப்பு, நாய் குரைத்தால் மன்னிப்பு, பால் தீர்ந்தால் மன்னிப்பு. சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நுனிக்காலில் நடந்தாள்.

“அவ எப்ப வேணாலும் கெளம்பிடுவா” என்று டார்லா ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். “இவன் சரிப்படமாட்டான்னு கல்யாணத்தப்ப நீ சொன்னதை அவ மறக்கல. இப்ப எதையாவது சொல்லி வச்சே, போயிடுவா. போனா திரும்ப வரமாட்டா, வெர்ன். உன் பொண்ணுதானே.”

“நான் என்ன சொன்னேன்? ஒண்ணுமே சொல்லலையே.”

“அதைத்தான் சொல்றேன்.”

அது நியாயமில்லை என்று வெர்னுக்குப் பட்டது. பேச்சில் காட்டாததைக் கையால் காட்டிக்கொண்டுதான் இருந்தார். ஐலாவுக்கு இருமல் என்று தெரிந்ததும், அந்த அக்டோபரில் வீட்டில் உள்ள ஜன்னல் ஒன்று விடாமல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, முடி உலர்த்தியால் சூடு காட்டி முரசுத் தோல் மாதிரி இழுத்து இறுக்கினார். எல்லாரும் ஒட்டுவதுதான், ஆனால் கதவு இடுக்கு, சாவித் துவாரம் வரை அடைத்தது வெர்ன் ஒருவர்தான். காற்று நுழைய ஒரு ஊசித் துளை இல்லை. அதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஜனவரியில் ஒரு வாரம் முழுக்கப் பனி. சாலைத் துறையில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட, வெர்ன் இரண்டு ஆள் வேலை பார்த்தார். வாத்து கத்திக் கத்தி ஓய்ந்தது. கடைசி நாள் வீட்டுக்குள் நுழைந்தபோது பூட்ஸைக் கழற்றக்கூடக் குனிய முடியவில்லை. ஐலா தொட்டியின் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“தாத்தா, இங்க வந்து பாரேன். மீனுக்கும் இன்னிக்கு ஸ்கூல் லீவு. உள்ளயும் பனி பெய்யுது.”

பெய்துதான் கொண்டிருந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் அளவு மீறிப் போய், தொட்டி முழுக்க வெள்ளைத் துகள் மிதந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. சுத்தியல் பவளம் விரல்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் எலும்பாக நின்றது. பம்பைப் பிடுங்கி எறிந்தார். வாளி வாளியாக உப்புத் தண்ணீர் கலக்கி மாற்றினார். ஜனெல் மேலே இருந்து ஓடிவந்து வாளி பிடித்தாள். “சாரிப்பா, நான் கவனிச்சிருக்கணும், சாரிப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் தெம்பில்லை. வேலை முடிந்ததும் தரையிலேயே உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

“வித்துத் தொலையேன்” என்றாள் டார்லா. கோபத்தில் இல்லை, அவள் குரலிலும் அலுப்புதான். “உனக்கு வயசாகுது. எனக்குச் சாயங்காலமானா தலை கனக்குது. ஒரு வீட்டுக்கு எத்தனை தலைவலிதான் வேணும்?”

மறுநாள் பனி விட்டிருந்தது. வெர்ன் ஒரு ஜாடியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, ஆறிவிடாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, கோரினின் மதுக்கடைக்குப் போனார். கடை திறக்கும் நேரமில்லை. கோரின் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கல்லாவுக்குப் பின்னால் அவளுடைய தொட்டி நீலமாக ஒளிர்ந்தது.

“என்னப்பா வெர்ன், செத்த பொணம் மாதிரி வர்றே? கோட்டுக்குள்ள என்ன, குழந்தையா?”

“பெட்டி பைத்தியமாயிடுச்சு. உன் மீட்டரை வச்சுப் பாரு. எட்டுக்கு மேல இருக்கும், எனக்குத் தெரியும்.”

கோரின் பேனா மாதிரி இருந்த மீட்டரை ஜாடியில் விட்டாள். ஏழு புள்ளி எட்டு. வெர்ன் அதை வாங்கிக் குலுக்கிவிட்டுத் தானே ஒரு தடவை பார்த்தார். ஏழு புள்ளி எட்டு.

“உன் பெட்டி பத்தினி” என்றாள் கோரின். “அதைப் போயி இத்தனை நாளாத் திட்டிக்கிட்டு இருந்தியா?”

அவள் ஒரு சின்னக் காற்று பம்பைக் கொண்டுவந்தாள். அதன் உறிஞ்சு குழாயைப் பின்கதவு இடுக்கு வழியாக வெளியே விட்டு, மறுமுனையை ஜாடிக்குள் போட்டாள். வெளிக் காற்று தண்ணீருக்குள் குமிழி விட ஆரம்பித்தது. அது குமிழி விட்டுக்கொண்டிருக்கட்டும் என்று காபி ஊற்றி, ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டியை வெட்டி வைத்தாள். வெர்ன் சாப்பிட்டுக்கொண்டே நாற்காலியில் தூங்கிப்போனார். அவள்தான் தோளைத் தட்டி எழுப்பி மீட்டரைக் காட்டினாள். எட்டு புள்ளி இரண்டு.

“அதே தண்ணி” என்றாள். “நான் ஒண்ணும் போடல. காத்து மட்டும்தான். வெர்ன், உன் வீட்டுல இப்ப எத்தனை பேரு?”

“நானும் டார்லாவும். ஜனெல், குழந்தை. அப்புறம் அந்த நாய், அது ரெண்டு ஆளுக்குச் சமம்.”

“ஜன்னலெல்லாம் தாள் ஒட்டியாச்சா?”

“ஒட்டியாச்சாவா? ஈ நுழைய முடியாது.”

“மூச்சு விட்ட காத்து வெளிய போக வழியில்ல. கேஸ் அடுப்பு வேற. கரியமில வாயு வீட்டுக்குள்ளயே தேங்கி, தண்ணியில எறங்கி, தண்ணியைப் புளிக்க வைக்குது. டார்லாவுக்குத் தலை வலிக்குமே?”

வெர்ன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பனி நாள் என்றால் பள்ளிக்கூடம் கிடையாது. ஐலா வீட்டில், டார்லா வீட்டில், ஜனெல் வீட்டில், நாய் வீட்டில், அடுப்பில் ஏதாவது வெந்துகொண்டே இருக்கும். வெளியே போகிற ஒரே ஆள் அவர்தான். பனிக்கும் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. இத்தனை நாள் தேடிய கோளாறு, நாலு பேர் வீட்டில் உட்கார்ந்து சும்மா மூச்சு விட்டதுதான். அவர் சிரிக்க ஆரம்பித்தார். அலுத்துப்போன மனிதர்கள் சிரிப்பார்களே, நிறுத்தத் தெரியாமல், அப்படி.

“ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திற” என்றாள் கோரின். “இல்ல, சுவத்துல ஓட்டை போட்டு, தொட்டிக்குக் காத்து இழுக்கற குழாயை வெளிய விட்டுடு. ரெண்டுல ஒண்ணு.”

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் வருடக்கணக்கில் இல்லாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து அவர் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது. இராச் சாப்பாட்டில் எல்லாரும் இருந்தார்கள். பேஸ்டியைக் கையில் பிடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“கண்டுபுடிச்சுட்டேன்! பெட்டி மேல தப்பே இல்ல. தப்பு உங்க மேலதான். நீங்க எல்லாரும் மூச்சு விடறீங்க பாரு, அதான் தொட்டியைக் கொல்லுது!”

ஐலா கெக்கெக்கென்று சிரித்து மூச்சை அடக்கிக் கன்னத்தை உப்பிக் காட்டினாள். அந்தச் சிரிப்பில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கைபேசியில் பெட்டி ஒரு வருட அளவைக் கோடாக வரைந்து வைத்திருந்த படத்தைத் திறந்து ஜனெலின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“பாரு, ஆகஸ்ட் வரைக்கும் எட்டு புள்ளி மூணு. மேசை மாதிரி சமமா இருக்கு. இங்க எறங்குது பாரு. எது? செப்டம்பர். நீங்க வந்த வாரம்! அப்புறம் நான் தாள் ஒட்டினது, இங்க இன்னும் எறங்குது. நான் முட்டாளா மின்சாரத்தைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். உங்க மூணு பேரையும் கழிச்சா தொட்டி பழையபடி ஆயிடும்!”

டார்லா மேசைக்கடியில் அவர் காலில் உதைத்தாள். பூட்ஸோடு பழகிப்போன காலுக்கு அது உறைக்கவில்லை. எழுந்துபோய், தொட்டிக்குப் பக்கத்து ஜன்னலின் தாளைக் கிழித்து ஒரு கை அகலத்துக்குத் திறந்துவிட்டார். குளிர் கத்தி மாதிரி உள்ளே வந்தது. சிரித்துக்கொண்டிருந்த ஐலாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

ஜனெல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைபேசியை மெதுவாக அவர் பக்கம் தள்ளினாள்.

“புரியுதுப்பா” என்றாள். அன்றைக்கு அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

வெர்ன் நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்ததும் தூக்கம். மறுநாள் எழுந்தபோது கொக்கியில் மூஸின் கயிறு இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், ஹோட்டனில், பள்ளித் தோழி மின்டியின் வீட்டுக்குப் போய்விட்டாள் ஜனெல். சில நாளைக்கு என்று சொன்னாளாம். டார்லா அதைச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்ன சொல்லிவிட்டேன்? உண்மையைத்தானே சொன்னேன்? பெட்டி சொன்னதைச் சொன்னேன். ஒரு மனிதன் விளையாட்டாக ஒரு வார்த்தை பேசக்கூடாதா இந்த வீட்டில்? திறந்த ஜன்னலை ஓங்கி மூடிவிட்டு, விடியலில் லாரியில் ஏறினார். அன்றைக்கு வானம் பொத்துக்கொண்டது மாதிரி பனி. பள்ளிக்கூடம் மூடல் என்று வானொலியில் சொன்னார்கள்.

குவின்சி மேட்டில் ஏறினார், இறங்கினார். ஏரிக்கரைச் சாலையைத் தள்ளினார். மருத்துவமனை வாசலைத் தள்ளினார். மதியம் தெர்மாஸைத் திறக்கும்போதுதான், காலையிலிருந்து வாத்து கத்தவே இல்லை என்பது மண்டையில் ஏறியது. முதலில் நிம்மதியாக இருந்தது. இரண்டாவது மிடறு காபிக்குள் அந்த நிம்மதி போய்விட்டது. கைபேசியை எடுத்துப் பார்த்தார். எட்டு புள்ளி இரண்டு. ஜன்னல் மூடியிருக்கிறது, தாள் ஒட்டிய மற்ற ஜன்னல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, பனி நாள், ஆனாலும் எட்டு புள்ளி இரண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது எட்டு புள்ளி மூன்று. சுத்தியல் பவளம் விரல் விரித்து, ஆகஸ்டில் ஆடியது போலவே ஆடியது.

டார்லா தொட்டிக்கு எதிரே விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். நீல வெளிச்சத்தில் அவள் முகம் வீங்கித் தெரிந்தது.

“சரியாயிடுச்சா உன் நம்பர்?”

“ம்.”

“எவ்வளவு?”

அவர் சொன்னார்.

“நல்லாப் பாத்துக்கோ” என்றாள் டார்லா. “இந்த வீட்டுல குழந்தை சத்தம் கேட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? தலைவலியோட இருந்தேன், சந்தோஷமா இருந்தேன். அவளே தான் ஒரு சுமைன்னு நெனச்சு செத்துக்கிட்டு இருக்கா. நீ போயி கோடு போட்டுக் காட்டறே. எந்தத் தேதியில வந்தே, அன்னியிலேர்ந்து எல்லாம் நாசம்னு. அதுக்கு மிஷின் சாட்சி வேற.”

வெர்ன் கோட்டைக் கழற்றவில்லை. தொட்டியைப் பார்த்தார். எவ்வளவு அழகு. அதைப் பார்க்க அவருக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை. உடம்பு முழுக்க வலித்தது, படுக்கை பக்கத்திலேயே இருந்தது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

தூக்குப் பாலத்தில் அவருடைய சகாக்கள் தள்ளிவிட்டுப் போன தடத்திலேயே ஓட்டினார். மின்டியின் வீடு ஒரு சலவைக் கடைக்கு மேலே. மாடிப்படியில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கதவைத் திறந்தது ஜனெல்தான். உள்ளே ஐலா ஒரு மெத்தையில் நாயின் வயிற்றில் தலை வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொட்டிக்கு ஏதாவது ஆயிடுச்சாப்பா?” என்று கேட்டாள் ஜனெல். முகத்தில் உண்மையான பயம்.

“இல்ல. நல்லா இருக்கு. எட்டு புள்ளி மூணு.”

“நல்லது.”

“நல்லது இல்ல.” தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பினார். “இன்னிக்கு லாரில நாள் பூரா போன் கத்தவே இல்ல. அது கத்தலைன்னா வீட்டுல யாரும் இல்லைன்னு அர்த்தம். எனக்கு என்னமோ பண்ணிடுச்சு.”

“நீ பொய் சொல்லலையேப்பா. கோடு அப்படித்தானே இருக்கு? நான் வந்த வாரத்துலேர்ந்துதானே எறங்குது?” அவள் குரல் தணிவாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. “கிரீன் பேயில அவன் சொன்னான், நான் இருந்தா மூச்சு முட்டுதுன்னு. இங்க வந்தா, நான் மூச்சு விட்டா…” முடிக்காமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெர்னுக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

“அந்தக் கோட்டை உன்கிட்ட காட்டினப்ப, நான் கோட்டைத்தான் பாத்தேன். உன்னைப் பாக்கல” என்றார். “நான் மடையன். வேலை செய்யலைன்னு நெனச்ச பெட்டி வேலை செய்யுதேன்னு குதிச்சேன். தொட்டி போனா போகட்டும் ஜனெல். கோரின்கிட்ட கொடுத்துடறேன்.”

“அது வேண்டாம். ஐலா அழுவா. நானுந்தான்.”

“அப்ப சுவத்துல ஓட்டை போட்டுக் குழாயை வெளிய விடறேன். தொட்டிக்கு வேணுங்கற காத்தை அது வெளியிலேர்ந்து இழுத்துக்கட்டும். உங்க மூச்சு உங்களுக்கு.”

“அம்மா விடுவாளா?”

“வீட்டையே இடிக்கச் சொன்னாலும் விடுவா இப்ப.”

ஜனெல் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு கதவு நிலையில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு, “எவ்வளவு நாள் இருப்பேன்னு எனக்கே தெரியலப்பா. வேற வீடு பாக்கறேன், சீக்கிரம் பாத்துடறேன்” என்றாள்.

“நான் அதைக் கேட்டேனா?”

கேட்டதில்லை. செப்டம்பரிலிருந்து ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை, எப்போது போவாய் என்று. கேட்காமல் இருப்பதே பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தார். போகச் சொல்லாத அவர், இத்தனை மாதத்தில் இருக்கவும் சொல்லவில்லை என்பது அந்தச் சலவைக் கடை மாடிப்படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் வீடெல்லாம் நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தாள்.

“இரு” என்றார் வெர்ன். “எங்களோடவே இரு.”

ஜனெல் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, “ஐலா, பூட்ஸை மாட்டு” என்று கூப்பிட்டாள்.